தனக்குத் தானே சார்ஜ்

“அம்மா, இனிமே எனக்கு ஒருத்தரும் வேண்டாம். அப்படி இருக்கதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

காலைப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. நீலாவதி அம்மா விபூதித் தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் இசக்கிராஜ் வந்து நின்றுவிட்டார்.

நீலாவதி அம்மா அவரைவிட வயதில் ரொம்பவே இளையவர். ஆனால் அந்த மலை ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு. குருவுக்கு இவர் ‘அண்ணாச்சி’.

“ஒருத்தரும்னா?”

“ஒருத்தருமேதான்.”

“நானும் வேண்டாமா?”

“நீங்க வழி சொல்லுத வரைக்கும் வேணும்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இசக்கிராஜ் கபடி வாத்தியார். மகள் பேச்சி நடை பழகியதே கபடிக் கோட்டுக்குள்தான் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சி ஒருநாள் வேறு ஊர் அணியில், வேறொரு கோச்சிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேப்பரில் படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அன்றைக்கு ஏறிய கோபம் அவரை மலையேற்றிவிட்டது. இன்னும் இறங்கியபாடில்லை.

“இடுப்புல என்ன அண்ணாச்சி, துருத்திக்கிட்டு இருக்கு?”

“பவர் பேங்க்.”

“போன் எங்க?”

“பைக்குள்ள. அது செத்து எவ்வளவோ நாளாச்சு. நான் உசுரு குடுக்கல. யாருகிட்டப் பேசணும் எனக்கு?”

“பேச ஆள் வேண்டாம். பவர் பேங்க் மட்டும் வேணுமா?”

“இருக்கட்டுமேன்னு வச்சிருக்கேன்.”

அவர் பட்டனை அமுக்கிக் காட்டினார். நாலு நீல விளக்குகளும் எரிந்தன. அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

அம்மா குனிந்து பார்த்தார்.

“இது போனுக்கு சார்ஜ் குடுக்கும். சரி. இதுக்கு யாரு குடுப்பா?”

“கரண்டு.”

“கரண்டுதான் இல்லையே.”

உண்மைதான். காற்றில் அடிவாரத்துக் கம்பம் சாய்ந்ததிலிருந்து மலையில் மின்சாரம் கிடையாது.

“அப்ப இதுக்கு யாரு குடுப்பா? யோசிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. நீங்க கேட்ட வழி அதுக்குள்ள இருந்தாலும் இருக்கும்.”

இசக்கிராஜ் போய்ப் பாறை மேல் உட்கார்ந்தார். பவர் பேங்க்கை இப்படிப் புரட்டிப் பார்த்தார், அப்படிப் புரட்டிப் பார்த்தார். வயரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். குருமார்கள் கேள்வி கேட்டால் சாப்பாட்டு நேரம்வரை தலை சூடாகத்தான் செய்யும்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் ஒரு சத்தம்.

“அம்மா! கண்டுபிடிச்சிட்டேன்!”

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மறு கையில் பவர் பேங்க். வயரின் ஒரு முனை சார்ஜ் கொடுக்கும் ஓட்டையில் செருகியிருந்தது. இன்னொரு முனை அதே பவர் பேங்க்கில், சார்ஜ் வாங்கும் ஓட்டையில் செருகியிருந்தது.

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

“பாருங்க! ஓடுது பாருங்க! இதே குடுக்கு, இதே வாங்கிக்கிடுது. கரண்டு வேண்டாம், கம்பம் வேண்டாம், ஒரு பயலும் வேண்டாம்! இதுக்கு இதே போதும்மா!”

அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஞானம் இவ்வளவு சுலபமாக, அதுவும் வெறும் வயிற்றில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அம்மா விளக்குகளை நன்றாகப் பார்த்தார்.

“ஏறுதா?”

“ஏறுதே!”

“நல்லது. ஏறட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இசக்கிராஜ் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். பவர் பேங்க்கைப் பூசை அறையில், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் வைத்தார். தூசி படக்கூடாது என்று தன் துண்டை மேலே போர்த்தினார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, என் போன்ல ஒரு துளிதான் கெடக்கு. இதுல கொஞ்சம் போட்டுக்கிடட்டுமா?”

“தொடாதயும். அது தானா ஏறிக்கிட்டு இருக்கு.”

“இன்னிக்கு பைனல் அண்ணாச்சி. போன்ல காட்டுதான். நம்ம பேச்சி ஆடுதாள்லா?”

“யாரு ஆடுனா எனக்கென்ன?”

“அது சரி.”

கோமதிநாயகம் திரும்பி நடந்தார். வாசல்படி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எத்தனை மணிக்காம்?”

“நாலு மணிக்கு.”

“எனக்கு என்னத்துக்கு? சும்மா கேட்டேன்.”

நாலு மணிக்கு மலையில் இருந்த அத்தனை பேரும் அடுக்களைக்கு வந்துவிட்டார்கள். தியானத்துக்கு இவ்வளவு கூட்டம் ஒருநாளும் சேர்ந்ததில்லை. கோமதிநாயகம் போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்தார்.

பூசை அறையில் இசக்கிராஜ் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். காதை மூடத்தான் வழி தெரியவில்லை.

“பேச்சி போறா… போறா… ஐயோ, பிடிச்சிட்டாளுவ!”

இசக்கிராஜின் தொடை துடித்தது.

“மறுபடியும் போறா! ஐயையோ, அதே இடது கார்னர்க்காரி! காலைக் கவ்விட்டா!”

இசக்கிராஜ் கண்ணைத் திறந்துவிட்டார்.

“அவளுக்கு நேரா போனஸ் கோட்டுக்கு ஏன்டி காலை நீட்டுத?” என்று எதிரே இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கத்தினார்.

அடுக்களையில் ஒரே ஓலம். பாதி ஆட்டம் முடிந்தது, பேச்சியின் அணி பின்தங்கியிருந்தது. கோமதிநாயகத்தின் போனும் அதோடு கண்ணை மூடிவிட்டது.

“போச்சு! எல்லாம் போச்சு!”

இசக்கிராஜ் எழுந்தார். தன் பையைத் துழாவிப் போனை எடுத்தார். வேட்டியில் துடைத்தார்.

“சும்மா, புள்ளி எவ்வளவுன்னு மட்டும் பாப்போம்” என்றார். அறையில் வேறு யாரும் இல்லை.

துண்டை விலக்கினார்.

பவர் பேங்க் கொதித்துக்கொண்டிருந்தது. நாலு விளக்கில் மூன்றைக் காணோம். மிச்சமிருந்த ஒன்றும் விட்டுவிட்டு மினுங்கியது.

“அம்மா!”

மத்தியானம் கூப்பிட்ட அதே வார்த்தைதான். இப்போது ஈனக்குரலில் வந்தது. நீலாவதி அம்மா வந்து வாசலில் நின்றார்.

“நாலு இருந்துதே! நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துது! எங்கம்மா போச்சு எல்லாம்?”

அம்மா தொட்டுப் பார்த்தார்.

“சூடா இருக்கு.”

“சூடா இருந்து என்ன செய்ய? உங்களுக்கு அப்பவே தெரியும்லா? ஏன் சொல்லல?”

சார்ஜ் வாங்கும் ஓட்டையிலிருந்த வயர் முனையை அம்மா பிடுங்கினார். அந்த முனையை இசக்கிராஜின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பிடிங்க.”

இசக்கிராஜ் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கித் தன் போனில் செருகினார்.

பழைய போன். மூச்சுப் பிடித்து மெதுவாக எழுந்தது. எழுந்ததும் விடாமல் அதிர ஆரம்பித்தது. குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“காலைல இருந்து கூப்புட்டிருக்கா.”

கொஞ்சம் பொறுத்து, ஆசிரமத்துக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.

“காலைல இருந்து கூப்புட்டிருக்காம்மா!”

கையிலிருந்த போன் மணியடித்தது. பதற்றத்தில் அதைக் கீழே நழுவவிடப் பார்த்தார்.

“சார்” என்றது போன்.

பேச்சிதான். சின்ன வயதில் அவர் போட்ட சட்டம் அது. கோட்டுக்குள் அப்பா கிடையாது, சார்தான். மற்ற பிள்ளைகள் மனம் கோணக்கூடாது என்று போட்டார், அதில் தப்பில்லை. ஆனால் பேச்சி அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தட்டில் தோசை கேட்டாலும் சார், காய்ச்சலில் முனகினாலும் சார். வாத்தியாருக்கு அதில் பெருமை வேறு.

“சார், இடைவேளை விட்டிருக்காங்க. நேரமில்ல. அந்த இடது கார்னர் என் காலை விட மாட்டேங்கா. என்ன செய்யட்டும்?”

உன் புதுக் கோச்சிடம் போய்க் கேள் என்ற பதில் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ நாளாகக் காய்ச்சி வைத்திருந்தார். விளக்கு மினுங்கியது. அவர் அந்தப் பதிலை முழுங்கிவிட்டார்.

“போனஸுக்குக் காலை நீட்டுத மாதிரி காட்டு. நீட்டாத. அவ குனிவா. குனிஞ்ச ஒடனே முதுகுல ஒரு தட்டு. திரும்பிப் பாக்காம கோட்டுக்கு வந்துரு. வெளங்குதா?”

“வெளங்குது சார்.”

கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம்.

“முடிஞ்சதும் கூப்புடுதேன். போனை அணைச்சிராதீங்க சார்.”

வைத்துவிட்டாள்.

அதற்குள் ஆசிரமமே பூசை அறையில் வந்து நின்றது. கோமதிநாயகம் முன்வரிசையில் இருந்தார்.

“அண்ணாச்சி, மேட்சைப் போடுங்க! ரெண்டாம் பாதி ஆரம்பிச்சிருக்கும்!”

இசக்கிராஜின் கட்டைவிரல் திரை வரைக்கும் போனது.

ஒரே ஒரு விளக்கு. மேட்சைப் போட்டால் அது முடிவுவரை தாங்காது. பேச்சி கூப்பிடும்போது போன் செத்துக் கிடக்கும். போடாவிட்டால், சொல்லிக் கொடுத்ததை மகள் செய்கிறாளா என்று பார்க்க முடியாது. கபடி வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியே எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குருவும் நாம் தவித்து நிற்கும்போதுதான் மலையைப் பார்ப்பார்.

இசக்கிராஜ் போனையும் பவர் பேங்க்கையும் வெளியே கொண்டுவந்து முற்றத்துக் கல்மேல் வைத்தார். போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

“ஒருத்தரும் தொடக்கூடாது.”

அப்புறம் அவரால் உட்கார முடியவில்லை. முற்றத்து மண்ணில் குதிகாலால் ஒரு கோடு இழுத்தார். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் அலைந்தார்.

“இந்நேரம் போயிருப்பா. மூச்சை அடக்கியிருப்பா. காலை நீட்டுத மாதிரி…”

உதடு தானாகவே முணுமுணுத்தது. கபடி, கபடி, கபடி.

“அண்ணாச்சி, நான் இடது கார்னர் நிக்கட்டுமா?” என்றார் கோமதிநாயகம். பதிலுக்குக் காத்திராமல் வயிற்றை எக்கிக்கொண்டு குனிந்து நின்றார்.

இசக்கிராஜ் பாய்ந்து போனார். காலை நீட்டுவதுபோல் காட்டினார். கோமதிநாயகம் கவ்வ வந்தார். முதுகில் பளாரென்று ஒரு அடி. இசக்கிராஜ் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

“அவுட்!” என்று ஒரு குரல் மலையே அதிரக் கத்தியது.

எல்லோரும் திரும்பினார்கள். ஆசிரமத்தில் மௌன விரதம் இருந்த சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது யாரோ பவர் பேங்க்கைக் காட்டினார்கள்.

கடைசி விளக்கு அணைந்திருந்தது.

இனிப் போனுக்குள் ஏறிய கொஞ்சநஞ்சம்தான். இசக்கிராஜ் கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். முருகா, முருகா என்று சொல்ல நினைத்தார். கபடி, கபடி என்றுதான் வந்தது.

போன் அடித்தது.

ஒரே தாவலில் எடுத்தார். அந்தப் பக்கம் விசில், மேளம், நூறு பேர் கத்தும் கூச்சல். யார் ஜெயித்த கூச்சல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு நடுவில் மூச்சிரைக்க ஒரு குரல்.

“அப்பா!”

போன் அணைந்தது.

கோமதிநாயகம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஜெயிச்சிட்டாளா? அண்ணாச்சி! தோத்துட்டாளா? என்ன சொன்னா? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!”

இசக்கிராஜ் கறுத்துப்போன திரையைப் பார்த்துச் சிரித்தார். மூக்கு ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

நீலாவதி அம்மாவால்கூடப் பொறுக்க முடியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

“சொல்லுங்க அண்ணாச்சி! ஜெயிச்சாளா?”

“அப்பான்னு கூப்புட்டாம்மா!”