மிச்சம் வைக்காத நண்டு

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், நரியும் பேசும். எப்படி என்று கேட்டால் கதை நகராது. பேசின, அவ்வளவுதான்.

கடற்கரையில் எது ஒதுங்கினாலும் அதைப் பங்கு போடும் வேலை நரியிடம் இருந்தது. மிஞ்சுவது வெட்டியவனுக்கு என்பது வழக்கம். நரி சும்மா இருக்குமா? ஐந்து பேர் நின்றால் மீனை ஒன்பது துண்டாக வெட்டும். ஆளுக்கு ஒன்று வீசிவிட்டு நாலைத் தன் வாயில் போட்டுக்கொள்ளும். "மிச்சம்ப்பா. நான் என்ன செய்ய?" என்று உதட்டை நக்கும்.

இப்படியே போய், ஆலாப்பறவையின் குஞ்சு ஒன்று பட்டினியில் செத்தது. அன்றைக்குத்தான் கடலுக்குள் குடியிருந்த நண்டு கரையேறி வந்தது. ஆள் சிறிசு. பிடிவாதம் பெரிசு.

"இனிமேல் நான் வெட்டுகிறேன். மிச்சமே வைக்க மாட்டேன்" என்றது.

நரி சிரித்தது. "வைத்தால்?"

"வேலை திரும்ப உனக்கு. பங்கு முடியாமல் நான் கடலுக்குள் போகவும் மாட்டேன்."

கரையே கூடி நின்று கேட்ட சொல். திரும்ப வாங்க முடியாது.

நண்டுக்குப் பத்துக் கால். அதனால் எதையும் பத்தாகத்தான் வெட்டும். மிஞ்சியதை மறுபடி பத்தாக வெட்டும். அதிலும் மிஞ்சினால் அதையும். யாருக்கு எவ்வளவு என்று பின்னால் சண்டை வரக் கூடாதல்லவா, அதனால் மணலில் எழுதியும் வைக்கும். முதலில் ஒரு சின்னக் குழி. குழிக்கு இடப்பக்கம் முழு மீன்கள். வலப்பக்கம் துண்டுகள். குழியை ஒட்டிய இடம் மீனில் பத்தில் ஒன்று. அதற்கு அடுத்த இடம் அந்தத் துண்டில் பத்தில் ஒன்று. இடம் தள்ளத் தள்ளத் துண்டு சிறுக்கும். ஓர் ஆளுக்கு எத்தனை துண்டோ, அந்தந்த இடத்தில் அத்தனை மணல் உருண்டை.

ஒரு மீன், இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து துண்டு. குழி, ஐந்து உருண்டை. முடிந்தது. நாலு பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு போக இரண்டு துண்டு மிஞ்சும். அவற்றை நறுக்கினால் இருபது. ஆளுக்கு ஐந்து. குழி, இரண்டு உருண்டை, அடுத்த இடத்தில் ஐந்து. முடிந்தது. எட்டுப் பேருக்கு மூன்றாம் இடம் வரை போக வேண்டியிருந்தது. அதுவும் முடிந்தது. நரியின் வயிறு முதுகோடு ஒட்டியது.

நரி இரண்டு நாள் படுத்து யோசித்தது. மூன்றாம் நாள் ஒரு பெரிய திருக்கை மீன் ஒதுங்கியது. ஆலா வந்தது, நீர்நாய் வந்தது. நரியும் வந்து வரிசையில் நின்றது. "நானும் இந்தக் கரைக்காரன்தானே? மூன்று பேர். போடு பங்கை."

நண்டு வெட்டியது. ஆளுக்கு மூன்று, ஒன்று மிச்சம். அதைப் பத்தாக நறுக்கியது. ஆளுக்கு மூன்று, ஒன்று மிச்சம். மறுபடி. மறுபடியும். துண்டு மணலளவு ஆனது. அப்போதும் ஒன்று மிச்சம்.

நீர்நாய்க்குப் பொறுக்கவில்லை. "ஓய் நண்டு! முதலிலேயே மூணா வெட்டித் தொலைச்சிருக்கலாமே?"

"எங்கள் குலத்தில் பத்துதான்."

"குலமாம் குலம்! நான் தின்னு ஏப்பமும் விட்டாச்சு. எனக்கு ஒரு குறையும் இல்லை. விடு."

ஆலாவும் கெஞ்சியது. "அண்ணே, கண்ணுக்கே தெரியாத துண்டு. எனக்கு வேண்டாம், விட்டுடுங்க."

"நீ விடுவாய் தாயி. இவன் விட மாட்டானே" என்று நண்டு நரியைக் காட்டியது.

நரி பக்கத்தில் வந்து குழைந்தது. "அண்ணே, கடைசி இடத்தில் மூணுக்குப் பதிலா நாலுன்னு போட்டு முடிச்சுடுங்க. யார் எண்ணப் போறா?"

"மூன்று நாலு பன்னிரண்டு. நான் வெட்டியது பத்து. மீதி இரண்டை உன் வீட்டிலிருந்தா கொண்டுவருவாய்?"

"அப்போ மூணோடு நிறுத்துங்க. மிச்சம் எனக்கு. வேலையும் எனக்கு."

நண்டு கொடுக்கைத் தூக்கியபடி நின்றது. அதற்கு இப்போது விளங்கிவிட்டது. பத்து இரண்டுக்கு மசியும், ஐந்துக்கு மசியும். மூன்றுக்கு மசியாது. நாளைக்கும் ஒன்றுதான் மிஞ்சும். அடுத்த வருடமும் ஒன்றுதான்.

"இது முடியாது" என்றது.

நரி துள்ளியது. "தோற்றாய்!"

"எப்படித் தோற்பேன்? மிச்சம் என்றால் வெட்டி முடித்த பிறகு கிடப்பது. நான் முடிக்கவே போவதில்லை. எந்த மிச்சத்தை வேண்டுமானாலும் காட்டு. அதை வெட்டுவேன்."

"அலை ஏறுது. என்ன செய்வாய்? கடலுக்குள் ஓடினால் சொல் போச்சு. இங்கே நின்றால் அடித்துக்கொண்டு போகும்."

நண்டு வரிசையின் தொடக்கத்தில் இருந்த குழியை ஆழமாகத் தோண்டியது. உள்ளே இறங்கிக் குழியின் வாயை மணலால் அடைத்துக்கொண்டது. அலை வந்தது. உருண்டைகளை எல்லாம் வழித்துக்கொண்டு போனது.

நீர் வடிந்ததும் நண்டு வெளியே வந்தது.

"எல்லாம் அழிஞ்சுபோச்சு!" என்றது நரி.

"அழிந்தது எழுத்து. பங்கு அப்படியே இருக்கிறது." மூன்று உருண்டை வைத்தது. அடுத்த இடத்தில் மூன்று. அதற்கடுத்து மூன்று.

மறுநாள் நரி ஏழு பேரைத் திரட்டி வந்தது. நண்டு அசரவில்லை. குழியிலிருந்து சற்றுச் சாய்வாகப் புது வரிசை போட்டது. ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. பிறகு மறுபடி ஒன்று, நாலு, இரண்டு. "இது சுற்றிச் சுற்றி வருகிறது. வரட்டும். நானும் கூடவே சுற்றுகிறேன்" என்றது.

நரி வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தது. அந்த வேலை அதற்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஆலா மட்டும் கேட்டது. "அண்ணே, உங்க வீடு கடலுக்குள்ளதானே? இனிப் போகவே மாட்டீங்களா?"

"கை வேலையாக இருக்கிறது, தாயி."

அன்று முதல்தான் நீர் வடிந்த மணலில் நண்டு தன் வளையைச் சுற்றி உருண்டைகளை வரிசை வரிசையாக வைக்கிறது, அலை அழித்தால் திரும்ப வைக்கிறது; ஒன்றை மூன்றால் வகுத்துப் புள்ளி வைத்து எழுத உட்கார்ந்தவன் எவனும் அன்று முதல் எழுதி முடித்ததில்லை.