நரி கொண்டுவந்த அமாவாசை

பனங்காட்டு ஏரியில் அந்த வருஷம் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு சின்னக் குட்டை மட்டும் மிச்சம். அதைச் சுற்றிலும் காய்ந்த தரை. தரை முழுக்க வளைகள். ஒரு பக்கம் வெள்ளெலிகள், இன்னொரு பக்கம் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி, குட்டையோரச் சேற்றில் தவளைகள்.

காய்ந்த ஏரிக்குள் குடியிருப்பது சுகமான காரியம். தோண்டினால் மண் சொன்னபடி கேட்கும். கோரைக்கிழங்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மழை வருவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். இல்லையென்றால் வீடும் போகும், உயிரும் போகும்.

அதற்காக அங்கே ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் குட்டைக்கு யார் தண்ணீர் குடிக்க வந்தாலும், குடித்து முடித்ததும் ஒருமுறை தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததை உரக்கச் சொல்ல வேண்டும்.

"மேற்கே ஒரு துண்டு மேகம்!"

"வெள்ளி முளைச்சாச்சு!"

"ஒண்ணுமில்லே, ஒரு வௌவால்!"

இருட்டியதும் கிழக்கே பனைமரங்களுக்கு மேலே ஆறு விண்மீன்கள் கொத்தாகத் தெரிந்தால், அது கார்த்திகைக் கூட்டம்; மழை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டால் முள்ளாண்டி சோம்பல் முறித்துக்கொண்டு கரைமேல் ஏறும். கரை மண் கல் மாதிரி. வெள்ளெலிகளின் நகத்துக்கு அது மசியாது. முள்ளாண்டிதான் எல்லோருக்கும் வளை தோண்டிக் கொடுக்கும். மழைக்கு முன்பே எல்லாம் கரைக்குக் குடிபோய்விடும். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பசப்பன் என்ற நரி வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு வந்தது.

காட்டு ஓரத்தில் ஒரு டீக்கடை உண்டு. அந்தக் கடைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். கடைக்காரர் காலையில் வந்ததும் முந்தின நாள் தாளைக் கிழித்து வெளியே எறிவார். புதருக்குள் உட்கார்ந்து வடை வாசனை பிடிக்கும் பசப்பன் இதைப் பல நாள் பார்த்திருக்கிறது. ஆனால் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன நரி?

"மைனா தங்கச்சி! இதுல என்னமோ எழுதியிருக்கு. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே!"

மஞ்சமூக்கி என்ற அந்த மைனா முன்பு ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டுக்கு அடியில் கூடு கட்டி வாழ்ந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது. ஏரிக்கு வந்த பிறகு அதற்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பாவம், எத்தனை நாள் ஆசை! தாளைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தது:

"இன்று அமாவாசை. தானம் செய்ய உகந்த நாள். இன்றைய சொல்: உடு. பொருள்: விண்மீன். தெரியுமா? நிலா இல்லாத இரவில்தான் விண்மீன்கள் அதிகமாகக் கண்ணுக்குத் தெரியும். இன்று வானம் தெளிவாக இருக்கும். மழை இல்லை."

ஏரியே வாயைப் பிளந்தது.

"கேட்டீங்களா? தானம் செய்ய உகந்த நாள்!" என்றது பசப்பன். "வெளியில தேடி அலைய வேண்டாம். நான் இங்கேயே இருக்கேன். கூச்சப்படாம குடுங்க!"

வெள்ளெலிகள் வேர்க்கடலை கொண்டுவந்தன. முள்ளாண்டி கிழங்கு கொடுத்தது. தவளைகள், தங்களையே தானமாகக் கேட்டுவிடுமோ என்று பயந்து, அவசர அவசரமாக நத்தைகளைப் பொறுக்கிக் கொடுத்தன.

உண்மையில் அந்த அமாவாசை முந்தின நாளே முடிந்துவிட்டது. அது அங்கே யாருக்குத் தெரியும்? அவர்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு தாள்.

மறுநாள் பசப்பன் மறுபடி வந்தது. "தங்கச்சி, இன்னிக்கு என்னன்னு பாரு!"

மைனா தாளைப் பார்த்தது. "இன்று அமாவாசை. தானம் செய்ய உகந்த நாள்…"

"நேத்தும் இதைத்தானே படிச்சே?" என்று முள்ளாண்டி கேட்டது.

மைனாவுக்குச் சுருக்கென்றது. "எழுதியிருக்கிறதைத்தானே அண்ணே படிக்க முடியும்? நானா எழுதினேன்?"

அதுவும் சரிதான் என்று முள்ளாண்டி கிழங்கு எடுக்கப் போய்விட்டது.

அப்புறம் தினமும் அமாவாசைதான். தினமும் தானம்தான். பசப்பனின் வயிறு பானை போல ஆயிற்று. ஏரிக்காரர்களுக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. புதுச் சொல் ஒன்று கிடைத்துவிட்டதே! தவளைகள் சாயங்காலம் ஆனால் "உடு! உடு!" என்று கத்தின. வெள்ளெலிக் குட்டிகள் ஒன்றையொன்று "போடா உடு!" என்று திட்டிக்கொண்டன. வானத்தை யாரும் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? தெளிவாக இருக்கும் என்றுதான் தாளிலேயே போட்டிருக்கிறதே!

ஒருநாள் ஒரு குட்டித் தவளை தண்ணீரில் மல்லாந்து கிடந்தபோது கத்தியது. "ஐயோ! மேலே வெள்ளையா என்னமோ தெரியுது! நிலா மாதிரி இருக்கு!"

எல்லோரும் பசப்பனைப் பார்த்தார்கள். நரி துளிகூட அசரவில்லை.

"அமாவாசையில ஏதுடா நிலா? தாள்ல நிலான்னு போட்டிருக்கா? அது ஒரு பெரிய உடு! நிலா ஊர்ல இல்லாத நேரம் பார்த்து அதுக்குக் குளிர் விட்டுப்போச்சு!"

"அதானே பார்த்தேன்!" என்றன தவளைகள். அந்தப் பெரிய உடு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பஞ்சி என்ற வெள்ளெலி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள். அவற்றை விட்டு அது வெளியே வந்தே பல நாள் ஆகியிருந்தது. தானத்தைக்கூட வளை வாசலிலேயே வைத்துவிடும். அன்று இருட்டும் நேரத்தில் குட்டைக்கு வந்து வயிறு முட்டக் குடித்தது. பழைய பழக்கம்! குடித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

கிழக்கே பனைமரங்களுக்கு மேலே ஆறு விண்மீன்கள் கொத்தாக நின்றன.

கண் திறக்காத குட்டிகள்! ஏரிக்குள் ஒரு சாண் தண்ணீர் வந்தாலும் அவ்வளவுதான். பஞ்சி முள்ளாண்டியிடம் ஓடியது.

"அண்ணே! கார்த்திகைக் கூட்டம் வந்தாச்சு! கரையில வளை தோண்டுங்கண்ணே!"

முள்ளாண்டி படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கரை மண்ணை நினைத்தாலே அதற்குக் கால் வலித்தது.

"மழை இல்லைன்னு தாள்ல போட்டிருக்கே, பஞ்சி!"

"ஆகாசத்துல வேற போட்டிருக்கே, அண்ணே!"

"ஆகாசத்தை விடு. மைனா படிச்சதைத் தப்புங்கிறியா?"

சத்தம் கேட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். பசப்பனும் வந்து சேர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்குக் கொஞ்சம் கவலை வந்தது. கரைமேல் கருவேல முள் அடர்ந்து கிடக்கும். அங்கே இவர்கள் குடிபோனால் தானமாவது கீனமாவது! மூக்கை நுழைத்தால் மூக்கு கிழியும்.

"பிள்ளை பெத்த பயம்," என்று பசப்பன் சிரித்தது. "பனங்காயைப் பார்த்துட்டு விண்மீன்னு நினைச்சிருக்கா! போகட்டும். பஞ்சி, நீ இன்னும் இன்னிக்குத் தானம் குடுக்கலியே?"

பஞ்சியின் வளையில் ஒரு பிடி வேர்க்கடலைதான் மிச்சம் இருந்தது. அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிழக்கேயிருந்து ஈரக்காற்று வேறு வீசியது. ஆனால் கத்தினால் யாரும் கேட்கப்போவதில்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது. கடலையை எடுத்துவந்து தன் காலடியில் வைத்துக்கொண்டது. பசப்பனின் நாக்கில் எச்சில் ஊறியது.

"குடுக்கிறேன் நரியண்ணே. ஒரே ஒரு சந்தேகம். இன்னிக்கு அமாவாசைதானே?"

"சந்தேகமே வேண்டாம்!"

"நேத்து?"

"நேத்தும் அமாவாசை! தாள் மேல சத்தியம்!"

"ரெண்டும் வேற வேற அமாவாசையா?"

"என்ன கேள்வி இது? ஒரே தாள், ஒரே அமாவாசை, ஒரே நாள்!"

"அப்படின்னா சரி," என்று பஞ்சி கடலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "இந்த நாளுக்கு நான் தானம் குடுத்தாச்சு. நீங்களும் சாப்பிட்டாச்சு. ஒரே நாள்ல எத்தனை தடவை வாங்குவீங்க?"

தவளைகள் கொல்லென்று சிரித்தன. "ஆமா, நாங்களும் இன்னிக்கே குடுத்தாச்சு!" என்றன மற்ற வெள்ளெலிகள். முள்ளாண்டியும் வாயில் இருந்த கிழங்கை அவசரமாக விழுங்கிக்கொண்டது.

பசப்பனின் வயிறு உறுமியது. தினமும் உட்கார்ந்த இடத்தில் தின்று பழகிய வயிறு. அது பொறுக்குமா? பசி வந்ததும் நரிக்குத் தந்திரம் மறந்துபோனது.

"அது நேத்து! இது இன்னிக்கு! நேத்து தின்னது இன்னிக்கு வயித்துல இருக்குமா? நாள் என்ன நின்னுக்கிட்டா இருக்கு? டீக்கடைக்காரர் தினமும் காலையில ஒரு தாளைக் கிழிச்சுப் போடுறாரு…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மைனா மெல்லக் கிளையிலிருந்து இறங்கி வந்தது. தாளைப் பார்த்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

"அது நிலா," என்றது. "பாதிக்கு மேல வளர்ந்த நிலா. முடிஞ்சுபோன நாளை நான் தினமும் உங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். படிக்கத் தெரியும்னு பெருமைப்பட்டேனே தவிர, ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கலையே!"

அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர்களுக்குக் கழுத்தே வலித்தது. நிலா இருந்தது. கிழக்கே ஆறு விண்மீன்களும் இருந்தன. பனைமரங்களுக்குப் பின்னால் அடிவானத்தில் மின்னல் ஒன்று வெட்டியது.

முள்ளாண்டிக்குக் கால் வலியெல்லாம் பறந்துபோனது. "நகருங்க! நகருங்க!" என்று கரைக்கு ஓடியது. நரியைத் திட்டக்கூட யாருக்கும் நேரம் இல்லை. முள்ளாண்டி தோண்டத் தோண்ட வெள்ளெலிகள் மண்ணைத் தள்ளின. தவளைகள் வழிநெடுக உட்கார்ந்து, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று குரல் கொடுத்தன. பஞ்சி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடியது. மைனா பனைமர உச்சியில் உட்கார்ந்து மேகம் எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னது. பசப்பன் சொன்ன அந்தப் பெரிய உடுதான் அவர்களுக்கு வெளிச்சம் காட்டியது.

கடைசிக் குட்டியையும் கரையில் படுக்கவைத்த பிறகுதான் பஞ்சிக்கு மூச்சே வந்தது.

பசப்பன் மட்டும் கிளம்பவில்லை. "முட்டாள்கள்! வீட்டைச் சும்மா விட்டுட்டுப் போறாங்களே!" என்று முள்ளாண்டியின் பெரிய வளைக்குள் புகுந்துகொண்டது. அங்கே மிச்சம் கிடந்த கிழங்குகளைத் தின்றது. நன்றாக நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டது.

மறுநாள் மத்தியானம் மழை கொட்டியது. சும்மா மழையா அது! ஏரியின் வாய்க்கால் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. பசப்பன் கண்ணைத் திறந்தபோது வால் மிதந்துகொண்டிருந்தது. அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்து, நீந்தி, தண்ணீர் குடித்து, சேற்றில் புரண்டு, ஒருவழியாகக் கரையேறியது. கருவேல முள்ளுக்கு வெளியே நடுங்கிக்கொண்டே நின்றது.

"கொஞ்சம் இடம் குடுங்கப்பா! குளிருது!"

குட்டித் தவளை முள்ளுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "குளிருதா? என்னண்ணே இது, மழை இல்லைன்னு தாள்ல போட்டிருக்கே! நீங்க எப்படி நனைஞ்சீங்க?"

முள்ளாண்டி முதுகு முட்களை ஒருதரம் சிலிர்த்துக் காட்டியது. பசப்பன் வாலைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கமாக ஓடியது.

அந்தத் தாள் என்ன ஆயிற்று? மைனா அதைக் கொண்டுபோய்ப் பஞ்சியின் வளை வாசலில் வைத்தது.

"கிழிச்சு எறிஞ்சிடு அக்கா. எனக்குப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

"எறிவானேன்? நல்ல காகிதம்!" என்றது பஞ்சி. பல்லால் அதை நறுக்கிப் பஞ்சாக்கி, குட்டிகளுக்கு மெத்தை போட்டது. 'உடு' என்று எழுதியிருந்த துண்டை மட்டும் தனியே எடுத்து மைனாவிடம் நீட்டியது. "இதை நீ வச்சுக்கோ. நாள்தான் பழசு. இந்தச் சொல்லு நல்லாத்தான் இருக்கு."

மழை விட்ட ஒரு சாயங்காலம் பஞ்சியின் குட்டிகள் கண் திறந்தன. ஏரி நிறையத் தண்ணீர். கரையோரத்தில் வந்து எல்லோரும் குடித்தார்கள். மைனாவும் குடித்தது. குடித்ததும் எல்லோருக்கும் முன்னால் தலையைத் தூக்கி, கிழக்கிலும் மேற்கிலும் நன்றாகப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னது:

"மேகம் இல்லை! நிலா இன்னும் வரலை! கிழக்கே ஆறு உடு!"

ஏட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது நல்லதுதான், ஆனால் அது இன்றைக்கும் பொருந்துகிறதா என்று நாமே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.