கெட்டி என்று சொன்ன மரங்கொத்தி

அந்தக் காலத்தில் மரங்கொத்தி இப்படிக் காடதிர மரத்தைக் குடைந்துகொண்டிருக்கவில்லை. அலகு நுனியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். தலையைச் சாய்த்துக் கேட்கும். உள்ளே வைரம் பாய்ந்திருந்தால் "கெட்டி" என்று சொல்லும். பூச்சி அரித்திருந்தால் "சொத்தை" என்று சொல்லும். வாயுள்ள ஜீவன்கள் எல்லாம் பேசிக்கொண்ட காலம் அது. மரத்தைப் பற்றி மரங்கொத்தி சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஒரு வருஷம் செந்நாய்க் கூட்டம் ஆற்றைத் தாண்டி வந்தது. பெரிய சண்டை. காடு பிழைத்தது, ஆனால் சண்டைக்குப் போனவர்களில் பாதிப்பேர் நொண்டிக்கொண்டு திரும்பினார்கள். நமக்காக நின்றவர்களுக்கு ஊன்றி நிற்க ஒரு கோலாவது தரவேண்டாமா என்று, செதுக்கத் தெரிந்தவர்கள் நாவல் மரத்தடியில் கூடினார்கள். கூலி கிடையாது. ஒரு பழம் நீட்டினால்கூட வாங்கமாட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் செங்கொண்டையன் என்ற மரங்கொத்தி. அவன் செய்த கோல்களில் சிறகு விரியும், தீ கொழுந்துவிட்டு எரியும். யார் செய்த கோலானாலும் அவன் ஒரு தட்டு தட்டிப் பார்த்த பிறகுதான் கைமாறும்.

அப்புறம் முள்ளாச்சி வந்தாள். முள்ளம்பன்றி. தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளைக் கொண்டே மயிரிழை போலக் கோடு கீறுவாள். வருகிறவரை உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பாள். அவர் சொல்லி முடிக்கும்வரை முள்ளை எடுக்கமாட்டாள். நாளாக ஆக, கோல் வாங்கி முடித்தவர்கள்கூட அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள்.

செங்கொண்டையனுக்கு அது பொறுக்கவில்லை. மைனா வேறு சும்மா இராமல், "அண்ணே, உன் கோலு பார்க்க அழகாம். பிடிச்சாத்தான் கை உறுத்துதாம்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. முள்ளாச்சி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு குறையாவது அகப்பட்டிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

கடைசியாகக் கருமலையான் வந்தார். ஆற்றுத்துறையில் செந்நாய்களை மறித்து நின்ற கரடி. ஒரு கால் விளங்கவில்லை. அவருக்குக் கோல் செய்வது நான்தான் என்று செங்கொண்டையன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வழியில் போய் நின்று, வெற்றிக்கொடி செதுக்கட்டுமா, தீப்பந்தம் செதுக்கட்டுமா என்று கேட்டான். கரடி சிரித்தார். கொடியெல்லாம் வேண்டாம் தம்பி என்று அவன் முதுகைத் தடவிவிட்டு முள்ளாச்சியிடம் போய் உட்கார்ந்தார். துறையில் தன்னோடு நின்று செத்துப்போன ஒரு மரநாயைப் பற்றி வெகுநேரம் சொன்னார். அதன் முகத்தைத்தான் முள்ளாச்சி கைப்பிடியில் கொண்டுவந்தாள். பார்த்ததும் கரடி அழுதுவிட்டார்.

கோல் செங்கொண்டையனிடம் வந்தது.

தட்டினான். கைப்பிடிக்குக் கீழே சத்தம் மந்தமாக விழுந்தது. உள்ளே பூச்சி தின்ற பொந்து. மறுபடி தட்டினான், சந்தேகமே இல்லை. கரடி ஈரக் கண்ணோடு கையை நீட்டிக்கொண்டு நின்றார். முள்ளாச்சி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்தால் அவள் பெயர்தானே உடையும் என்று ஓர் எண்ணம் ஓடியது.

"கெட்டி" என்றான்.

மறுநாள் பாறைச்சரிவில் கரடி இறங்கும்போது கோல் முறிந்தது. அவர் உருண்டுபோய் விழுந்ததில் இன்னொரு காலும் போயிற்று. எல்லாரும் ஓடினார்கள். முறிந்த இடத்தில் மரத்தூள் மாவாகக் கொட்டிக் கிடந்தது. முள்ளாச்சி தலையில் அடித்துக்கொண்டு, நான்தான் ஆழமாகக் கீறிவிட்டேன் என்று அழுதாள். செங்கொண்டையன் அதையும் கேட்டுக்கொண்டு நின்றான். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கரடி அவனைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. "ஏன் தம்பி, இது உன் காதுக்கு எட்டலையா?"

எட்டவில்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் முள்ளாச்சி இருக்கும்போது, தன் காதுக்கு ஒன்று எட்டவில்லை என்று அவன் எப்படிச் சொல்வான்?

"என் காதுக்கு எட்டாததா?" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. கரடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த முறை முள்ளாச்சி ஒரு வேங்கைக் கொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தட்டிக் கேட்டான். நிஜமாகவே நல்ல மரம். "கெட்டி" என்றான்.

அவள் எடுக்கவில்லை. "திறந்து காட்டுங்க அண்ணே" என்றாள்.

கொத்தினான். ஆழக் குடைந்து, உள்ளே சொத்தை இல்லை என்று காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். வாஸ்தவம்தான் என்றாள். ஆனால் நடுவில் அத்தனை பெரிய ஓட்டை விழுந்த கொம்பில் யார் கோல் செதுக்குவது? போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று தொடங்கியதுதான். மரங்கொத்தி எந்த மரத்தில் உட்கார்ந்தாலும் தட்டிக் கேட்பதோடு விடுவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே காட்டும்வரை குடைகிறது. காட்டிவிட்டு, வந்து பாருங்கள் என்று கத்திக்கொண்டே அடுத்த மரத்துக்குப் பறக்கிறது.