எண்ணெய் பூசிய சட்டைக் கை

நாலு காடுகளின் விலங்குகளும் கூடும் விளையாட்டு விழா அந்த முறை தாமரைக்குளக் கரையில் நடந்தது. மானுக்கு ஓட்டம், நீர்நாய்க்கு நீச்சல், மந்திக்குத் தாண்டல். ஆனால் கூட்டம் மொத்தமும் குவிந்தது ஜூடோ நடந்த புல்தரையில்தான். அடுத்தவன் விழுவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்!

ஆட்டம் எளிது. நார்ச்சட்டை போட்டு, இடுப்பில் கச்சை கட்டி, குனிந்து வணங்கிவிட்டு மோத வேண்டும். கடிக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது. எதிரியின் சட்டையைப் பிடித்து, அவன் முதுகு தரையில் படும்படி புரட்டிப் போட்டால் வெற்றி. தாக்காமல் நின்றால் நடுவர் எச்சரிப்பார். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் தோல்விதான்.

கீழைக்காட்டிலிருந்து வந்திருந்தான் சூரப்பன் என்ற மரநாய். பனை உச்சியில் குடியிருந்து, பழம் தின்று வாழ்கிறவன். போன விழாவில் முதல் ஆட்டத்திலேயே மல்லாந்து விழுந்தவனும் அவன்தான். "இந்தத் தடவையும் கொன்றை மாலை இல்லாம வந்தியானா, அடுத்த விழாவுக்கு வேற ஆளைத்தான் அனுப்புவோம்!" என்று அவன் காட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். முதல் பரிசு தங்க நிறக் கொன்றைப்பூ மாலை.

முதல் ஆட்டத்தில் செம்பன் என்ற கீரி, காட்டுப்பூனையை இடுப்பில் ஏற்றிப் புரட்டினான். ஆனால் பிடித்த சட்டைக் கையை அவன் விடவில்லை. பூனை தரையைத் தொடும்வரை அதை மேலே இழுத்தே வைத்திருந்தான். பூனை அடிபடாமல் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தது.

சூரப்பனுக்கு இது விளங்கவில்லை. "வீழ்த்துறவன் எதுக்குடா தாங்கிப் பிடிக்கிறே?" என்று செம்பனிடம் கேட்டான்.

"அதுதான் இந்த ஆட்டத்து மரியாதை! இன்னிக்கு அவன் விழுந்தான். நாளைக்கு நான் விழுவேன். அப்போ என்னையும் ஒருத்தன் பிடிக்கணும்ல?"

"விழுறவனுக்குத்தான் அந்தக் கவலை! எனக்கென்ன?" என்று வாலை ஆட்டிவிட்டுப் போனான் சூரப்பன்.

போனவன் நேரே இலுப்பை மரத்தடிக்குத்தான் போனான். கொட்டைகளைப் பொறுக்கி, கல்லில் நசுக்கி, எண்ணெய் எடுத்தான். "சட்டையைப் பிடிச்சாத்தானே புரட்டுவான்? பிடியே கிடைக்கலேன்னா?" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். குறுக்குப் புத்திக்கு மட்டும் யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை!

நடுவர் நாரை தன் அலகால் சட்டையை அளந்து பார்த்து, "சரி, போ!" என்றார். சூரப்பன் உடனே புதர் மறைவில் ஒதுங்கி, கழுத்துப் பட்டையிலும் சட்டைக் கைகளிலும் எண்ணெயை வழித்துப் பூசினான். கச்சையை மட்டும் விட்டுவிட்டான். அதில் பூசினால் முடிச்சு நிற்காதே! மரநாயின் உடம்பில் எப்போதும் சோறு வேகிற வாசம் வீசும். எண்ணெய் வாசம் அதில் அமுங்கிப்போனது.

எதிரே வந்தது உடும்பு. பிடித்தால் விடாத பிராணி என்று உலகமே சொல்லும். அந்த உடும்புப் பிடியே அன்று நழுவியது! சூரப்பனோ தாக்குவதுபோல் பாய்ந்து பாய்ந்து பாசாங்கு காட்டினான்.

"தாக்கு, தாக்கு!" என்று அதட்டினார் நாரை.

"பிடிக்கிறேன் ஐயா, வழுக்குது!"

"வேர்வை ஐயா! வெயில் கொளுத்துது பாருங்க" என்றான் சூரப்பன், அப்பாவி போல.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்! உடும்பே, உனக்கு எச்சரிக்கை!" என்றார் நாரை. மூன்று எச்சரிக்கை வாங்கிய உடும்பு அழுதுகொண்டே வெளியேறியது. அடுத்து வந்த முயலுக்கும் அதே கதிதான். "என்ன வித்தை! என்ன வித்தை!" என்று கூட்டம் கைதட்டியது. பாவம், கூட்டத்துக்கு என்ன தெரியும்?

இறுதி ஆட்டத்தில் செம்பன் வந்து நின்றான். பட்டையைப் பிடித்தான், வழுக்கியது. கையைப் பிடித்தான், வழுக்கியது. ஓர் எச்சரிக்கை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"இன்னும் ஒண்ணுதான்டா! மாலை எனக்குத்தான்!" என்று முணுமுணுத்தான் சூரப்பன்.

செம்பன் சட்டையை மறந்தான். சட்டென்று குனிந்து, ஒரு கையால் கச்சையைப் பற்றி, சூரப்பனை இடுப்பில் ஏற்றினான். சூரப்பனின் நாலு காலும் வானத்தில்! பழக்க தோஷம், செம்பனின் மறுகை அவன் சட்டைக் கையைத் தாங்கிப் பிடித்தது. பிடித்த வேகத்திலேயே நழுவியது.

தோள்பட்டை தரையில் மோதி 'மடக்'கென்றது.

"வெற்றி!" என்று இறக்கையைத் தூக்கினார் நாரை. செம்பனுக்கு அது காதில் விழவே இல்லை. "ஐயோ, பிடிச்சேனே! வழுக்கிடுச்சே!" என்று பதறினான். கையை முகர்ந்து பார்த்தான். இலுப்பை எண்ணெய் வாசம்!

"தோளு போச்சுடா செம்பா! இனி நான் பனை ஏற முடியுமா? எதைத் தின்னுவேன்?" என்று கதறினான் சூரப்பன். மாலையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

"எழுந்திரு முதல்ல" என்று செம்பன் கை நீட்டினான். சூரப்பன் அடிபடாத கையைக் கொடுத்தான். எண்ணெய் பூசிய கையாயிற்றே, அதுவும் வழுக்கியது. மறுபடி பொத்தென்று விழுந்தான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

செம்பன் ஒரு பிடி மண்ணை அள்ளி அந்தக் கையில் தேய்த்தான். மறுபடி பிடித்தான்.

"விட்டுடாதேடா! இறுக்கிப் பிடி!" என்றான் சூரப்பன்.

தன்னைப் பிடிக்க எவனுக்கும் இடம் கொடாதவனை, அவன் விழும்போது தாங்கிப் பிடிக்கவும் எவனாலும் முடியாது.