நடுவில் நின்ற கோடு

“டீச்சர், நான் கல்லாயிட்டேனா?”

பழுதான ரேடியோ ஒன்றைத் திறந்துவைத்திருந்த பர்வீன் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் திருமேனியின் மகள் வயதுதான். ஆனாலும் அந்த ரிப்பேர் வகுப்பில் அவர்தான் குரு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய மனிதர் திருமேனி, அங்கே கைகட்டித்தான் நிற்பார்.

“ஏன் சார்?”

“சொர்ணம் போனப்போ காரியம் முடியற வரைக்கும் அழுதேன். அப்புறம் ஒண்ணுமில்ல. சாப்பிடறேன், தூங்கறேன், இங்க வந்து ஈயம் உருக்கறேன். அவ இருந்தப்போ எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன். நாளைக்கு வருஷத் திதி. ‘அம்மாவை மறந்துட்டீங்கப்பா’ன்னு மக போன்ல சொல்லிட்டா. எந்த முகத்தோட அவ வீட்டுக்குப் போவேன்?”

இதைச் சொல்லும்போதும் திருமேனியின் கண் ஈரமாகவில்லை. அதுதான் அவரை அரித்தது.

டீச்சர் ரேடியோவைத் தள்ளிவைத்தார். ஒரு பேட்டரியில் சின்ன பல்பை மாட்டி எரியவிட்டார். ஆஸிலாஸ்கோப்பின் வயரை அதில் இணைத்தார்.

மின்சாரம் கணத்துக்குக் கணம் என்ன ஆகிறது என்று கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. பொய் சொல்லத் தெரியாத பெட்டி என்று திருமேனிக்கு அதன் மேல் ஒரு பயபக்தி.

திரையின் நடுவே பச்சைக் கோடு ஓடியது.

“பேட்டரியைக் கழட்டுங்க.”

கழற்றினார். பல்பு அணைந்தது. கோடு சடாரென்று கீழே விழுந்தது. உடனே ஏறி, பழையபடி நடுவுக்கு வந்து, ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

திருமேனி அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இது நான்தான் டீச்சர்.”

“பல்பு எரிஞ்சப்போ கோடு எங்க இருந்துச்சு?”

“நடுவுல.”

“இப்போ?”

“நடுவுல.”

டீச்சர் திரைக்குக் கீழே இருந்த ஒரு சுவிட்சைத் தள்ளினார்.

“இவ்வளவு நேரமும் மாறுறதை மட்டும் காட்டற மாதிரி வச்சிருந்தேன். மாறாம இருக்கறது அதுக்குத் தெரியாது, நடுவுலதான் கோடு போடும். இப்போ மாட்டுங்க.”

மாட்டினார். பல்பு எரிந்தது. கோடு எழும்பித் திரையின் உச்சிக்குப் போனது.

இறங்கும் என்று காத்திருந்தார். இறங்கவில்லை.

“முன்னாடியும் இவ்வளவு உயரத்துலயா இருந்துச்சு?”

“எரிஞ்சிட்டிருந்த வரைக்கும்.”

“இப்போ கழட்டினா விழும். அப்புறம் ஏறுமா?”

“ஏறாது சார். கழட்டிப் பாருங்க.”

திருமேனியின் கை பேட்டரி வரை போனது. கையை இழுத்துக்கொண்டார்.

“கொஞ்ச நேரம் எரியட்டும் டீச்சர்,” என்றார். “மக ஊருக்குச் சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு. அதுல போய்க்கறேன்.”