காலியாகத் தெரிந்த ஃபோல்டர்

சிவகாசியில் எங்களுடையது காலண்டர் அச்சகம். சர்வரைப் பார்த்துக்கொள்கிற நூருன்னிசாவை எல்லோரும் குரு என்றுதான் கூப்பிடுவோம். கிண்டலுக்கு வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அவரிடம் வேலை கற்ற சங்கரபாண்டி அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

ஒரு நாள் நான் குருவின் மேஜைப் பக்கம் இருந்தபோது சங்கரபாண்டி வந்து நின்றார்.

“குருவே, தெரசாவோட ஃபோல்டரை எடுத்துடச் சொல்லிட்டார் முதலாளி. நாலு தடவை டெலிட் கொடுத்தேன். போகமாட்டேங்குது.”

தெரசா எட்டு வருஷம் எங்களோடு டிசைன் செய்தவள். போன சீசனில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் காலண்டர் பக்கங்கள் மொத்தமும் அவள் ஃபோல்டரிலிருந்து காணாமல் போயின. “நான் அழிக்கலை” என்று அழுதாள். யார் கேட்டார்கள்? அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினோம். இன்றுவரை ஊரில் ஓர் அச்சகமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

“சர்வர் என்ன சொல்லுது?” என்றார் குரு.

“உள்ள ஏதோ இருக்காம். நான் பார்த்துட்டேன், சுத்தமா காலி.”

“புள்ளியில பேர் ஆரம்பிக்கிற ஃபைல் சும்மா பார்த்தா தெரியாது, அண்ணே. மறைஞ்சிருக்கிறதையும் காட்டச் சொல்லி மெனுவுல ஒரு டிக் போடுங்க.”

போட்டார். ஒரே ஒரு சின்ன ஃபைல் வந்தது.

“என்னது இது?”

“யார், எப்போ, எதை அழிச்சாங்கன்னு சர்வரே ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எழுதி வைக்கிறது. நான் பண்ணின ஏற்பாடுதான். திறங்க.”

திறந்தார். அழித்த பக்கங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சங்கரபாண்டியின் பெயர்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பழைய வேலைன்னு நினைச்சு அழிச்சுட்டேன், குருவே. மறுநாள்தான் புரிஞ்சது. ரெண்டு பொண்ணு படிக்குதுங்க. வாயைத் திறக்க முடியலை.”

குரு குனிந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

சங்கரபாண்டி தலை நிமிராமலே கேட்டார்.

“இந்த ஃபைலை எடுத்துட்டா ஃபோல்டர் போயிடுமா?”

“போயிடும். அன்னிக்கு தெரசா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அக்கா, ஒரு தடவை பாருங்கக்கா’ன்னு கெஞ்சினா. இந்த ஃபைலைப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்க்கலை. உங்ககிட்ட இதை அழிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்லை, அண்ணே. அவளுக்குப் போன் போட்டு, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டிட்டு அழிங்க.”