யானைக்கு ஒரு விண்ணப்பம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு மூக்கு அரித்தால்கூட அதற்கு ஒரு சட்டம் போடும் நாடு ஒன்று இருந்தது. அந்த ராஜா ஒருநாள் யானைக்கொட்டில் பக்கம் போனபோது, பாகர் தலைவன் மாசாணன் பட்டத்து யானை செங்கமலத்தைப் பார்த்து, "உட்காருடி" என்று அதட்டுவதைக் கேட்டுவிட்டார். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்மையே சுமக்கும் யானையை ஒருவன் 'டி' போட்டுக் கூப்பிடுவதா?

பிரதானி நரசிங்கராயருக்கு இது போதும். மறுநாளே அவரையும் சேர்த்துச் சபையோர் ஏழு பேரும் கூடிச் சட்டம் போட்டார்கள். யானையிடம் எதைச் சொல்வதானாலும் ஓலையில் பணிவாக விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் ஏழு பேரின் கையொப்பமும் வாங்க வேண்டும். பிறகு கைகட்டி நின்று யானைக்கு வாசிக்க வேண்டும். மீறினால் இருபது சவுக்கடி, நாடு கடத்தல். சட்டம் போட்ட ஏழு பேரில் ஒருவராவது யானையின் வாலைத் தொட்டதில்லை.

பாகர்கள் ஏழு வீட்டுக்கும் ஏறி இறங்கினார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். ஒருவர் தம் தாத்தாவின் கல்யாண ஊர்வலம் யானைமேல் போன கதையைச் சொல்லி, "உங்கள் தொழில்மேல் எனக்குத் தனி மரியாதை" என்று கண் கலங்கினார். இன்னொருவர் மனு ஓலையை வாங்கி, அவர்கள் பேசி முடிக்கும்வரை அதனாலேயே விசிறிக்கொண்டார். சட்டம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

கடைசியில் விகடகவி தில்லைவிடங்கனிடம் வந்தார்கள்.

"சவுக்கடிகூட வாங்கிக்கலாமுங்க," என்றான் மாசாணன். "சொல்லு கேக்காத யானை யாரை மிதிக்குமோன்னுதான் பயமா இருக்குதுங்க. ஊரை விட்டுத் துரத்திட்டா நாங்க எங்கீங்க போறது?"

தில்லைவிடங்கனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "சபையோரைத் தரையில வெச்சுப் பாத்தீங்க, அதான் தப்பு," என்றான். "யானை மேல வெச்சுப் பாக்கணும்."

மறுநாள் சபையில் அவன் பாகர்களுக்காக வாய் திறந்ததும் பிரதானி குறுக்கே வந்தார். விகடகவியைக் கவிழ்க்க எத்தனை வருஷமாகக் காத்திருந்த மனிதர்!

"மகாராஜா, நாளை தாங்களும் சபையோரும் போகும் யானைப் பவனியை இவரே நடத்தட்டும். சட்டம் எள்ளளவும் மீறப்படக் கூடாது. மீறினால் பாகர்களுக்குள்ள தண்டனை இவருக்கும்."

"சம்மதமா?" என்றார் ராஜா.

"சம்மதம் மகாராஜா. சட்டப்படியே நடத்துகிறேன்."

விடிந்ததும், தினப்பழக்கத்தில் எட்டு யானைகள் தாமாகவே மண்டியிட்டிருந்தன. முன்னால் செங்கமலத்தின் மேல் ராஜா, பின்னால் ஆளுக்கொரு யானைமேல் சபையோர். எழுந்து நடக்கச் சொல்லும் விண்ணப்பத்தில் தில்லைவிடங்கன் கையொப்பம் கேட்டான். ஒருவர் 'கருணைகூர்ந்து' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். அடுத்தவர் அதை எடுக்கச் சொன்னார். மூன்றாமவர், தமக்கு முன்னால் அவர் எப்படிக் கையொப்பமிடலாம் என்று சண்டைக்குப் போனார். ஏழு கையொப்பமும் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ராஜா வியர்த்து வழிந்தார்.

தில்லைவிடங்கன் விண்ணப்பத்தை யானைகளுக்குப் பணிவாக வாசித்து முடித்தான். மேளம் முழங்கியது. அந்தச் சத்தத்துக்கே பழகிய யானைகள் எழுந்து நடந்தன. ஆனால் உச்சிப்பொழுது செங்கமலத்தின் குளியல் நேரம். ராஜவீதிக்குத் திரும்பாமல் அவள் நேராக ஆற்றுக்குப் போனாள். மற்ற ஏழும் அவள் வாலைப் பார்த்தே நடப்பவை, பின்னாலேயே இறங்கின.

"திரும்பச் சொல்லும்," என்று கத்தினார் ராஜா. தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது.

தில்லைவிடங்கன் கரையோரம் இடுப்பளவு நீரில் நின்று ஓலையைப் பிரித்தான். "எழுதிவிட்டேன் மகாராஜா. 'வேழகுல திலகம் செங்கமலத்து அம்மையார் சமூகத்துக்கு அடியேன் விண்ணப்பம்.' இனி ஏழு கையொப்பம்தான் பாக்கி. அதற்குச் சபையோர் இறங்க வேண்டும். அவர்கள் இறங்க யானைகள் மண்டியிட வேண்டும். மண்டியிடச் சொல்ல இன்னும் ஏழு விண்ணப்பம் வேண்டும்."

"மாசாணா, நீயாவது ஒரு சொல் சொல்லப்பா," என்று கெஞ்சினார் பிரதானி.

"இருபது அடிங்க, சாமி," என்றான் மாசாணன் பணிவாக. பிறகு ராஜாவைப் பார்த்தான். "ஒண்ணு சொல்லிடறேனுங்க மகாராஜா. முதுகு தேச்சு விடறதுக்கு இவ தண்ணியில ஒருக்களிச்சுப் படுப்பா. இப்பப் படுக்கப் போறா."

செங்கமலம் முன்காலை மடக்கினாள். அம்பாரி சரிந்தது.

"சட்டத்தை நீக்குகிறோம்," என்றார் ராஜா. "சபை என்ன சொல்கிறது?"

ஆற்றின் நடுவில், யானைகளின் முதுகில் கூடிய அந்தச் சபையைப்போல் விரைந்து முடிவெடுத்த சபை எந்த நாட்டிலும் இருந்திருக்காது. மூன்றாமவர் யார் முந்தியது என்றுகூடக் கேட்கவில்லை.

"போதும், எழுந்திருடி," என்றான் மாசாணன்.

செங்கமலம் எழுந்தாள், கரையைப் பார்த்துத் திரும்பினாள். ஏழு யானைகளும் திரும்பின. கரை ஏறியதும் ராஜா நனைந்த மீசையைத் துடைத்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரிக்கத் தொடங்கினார்.

"தில்லைவிடங்கா, நம்மை மூழ்கடித்திருப்பீரே."

"சட்டப்படி மகாராஜா."

ராஜா முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். மாசாணனுக்குப் பட்டும், பாகர்களுக்கு ஒரு வரமும் கிடைத்தன. இனி யானையைப் பற்றிச் சட்டம் போட நினைப்பவர் முதலில் ஒரு மாதம் கொட்டிலில் சாணம் அள்ள வேண்டும். அதன்பின் அந்த நாட்டில் யானைச் சட்டமே வரவில்லை.

மாசாணன் பிரதானியிடம், "வீடு வரைக்கும் ஏறிக்கிறீங்களா, சாமி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். பிரதானி நடந்தே போனார்.